பெஞ்சில் ஒரு மணி நேரம்: டென்னிஸ் கோச்சிங் தேறுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுப் பக்கத்தில் ஒரு டென்னிஸ் கிளப் இருக்கிறது. பிள்ளையைச் சேர்த்துவிட்டீர்கள், அல்லது சேர்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள். ஆனால் நீங்கள் ராக்கெட்டையே தொட்டதில்லை. அங்கே சொல்லிக்கொடுப்பது சரியா தவறா என்று எப்படித் தெரியும்?

டென்னிஸ் தெரியாமலே முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம். கோர்ட் ஓரத்துப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், கைபேசியைப் பையில் போட்டுவிட்டு. அவ்வளவுதான் வேண்டியது.

உட்கார்ந்து என்ன செய்வது? எண்ணுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை எத்தனை பந்து அடிக்கிறது என்று எண்ணுங்கள்.

என் மகளை 7 வயதில் சென்னையில் ஒரு கிளப்பில் சேர்த்தேன். மூன்று மாதம் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவேன். ஒருநாள் லீவு கிடைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஒரே கோர்ட்டில் 14 பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கோச் வலைக்குப் பக்கத்தில் நின்று கூடையிலிருந்து பந்தை எடுத்து எடுத்துப் போட்டார். ஆளுக்கு மூன்று பந்து. அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் பத்து நிமிடம் ஓட்டம், நடுவில் பத்து நிமிடம் பந்து பொறுக்கல். மொத்தத்தில் என் மகள் அடித்தது 36 பந்து. மீதி நேரமெல்லாம் முன்னால் நின்ற பையனின் முதுகைப் பார்த்துக்கொண்டு, ராக்கெட்டின் நரம்பை விரலால் நெருடிக்கொண்டு நின்றாள். மூன்று மாதமாக இதற்குத்தான் அவளைக் காலை ஐந்தரைக்கு எழுப்பியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அது கோச்சின் தவறா? பாதிதான். ஒருவர் கையில் 14 பிள்ளைகளை ஒப்படைத்தது கிளப் நிர்வாகம். ஆனால் அதே 14 பேரை வைத்துக்கொண்டு நல்ல கோச் வேறு மாதிரி நடத்துவார். நான்கு பேர் சுவரில் அடிப்பார்கள். நான்கு பேர் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று மெதுவாகத் தட்டிக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு அவர் பந்து போடுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறும். சிறு பிள்ளைகள் என்றால் பெரிய கோர்ட்டைக் குறுக்குவாட்டில் பிரித்து நான்கு குட்டிக் கோர்ட் போட்டுவிடலாம். வரிசையில் நிற்கும் நேரம் அடிக்கும் நேரத்தைவிட அதிகமாக இருந்தால், கோச் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அந்த வகுப்பால் உங்கள் பிள்ளைக்குப் பெரிதாகப் பயனில்லை.

அடுத்து, பந்தின் நிறத்தைப் பாருங்கள். நிறத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நிறைய இருக்கிறது.

டிவியில் நாம் பார்க்கும் மஞ்சள் பந்து பெரியவர்களுக்கானது. 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால் அது 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. 7 வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 120 செ.மீ. அந்தப் பந்து வேகமாக வந்து தரையில் பட்டு எழும்பினால் பிள்ளையின் நெற்றிக்கு மேலே போகும். பிள்ளை என்ன செய்யும்? பின்னால் சாயும். ராக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டிவிடும். உயரத்துக்குத் தோதாக இருக்கட்டும் என்று பிடியையே ஒரு மாதிரி திருப்பிக்கொள்ளும். கோணலான பிடி ஒருமுறை கையில் படிந்துவிட்டால், 12 வயதில் அதை மாற்றுவதற்குள் கோச்சுக்கும் பிள்ளைக்கும் போதும் போதுமென்றாகிவிடும்.

இதற்காகத்தான் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) மூன்று வகை மெதுவான பந்துகளை முன்வைக்கிறது. சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 விழுக்காடு மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சை 25. சிவப்புக்குக் கோர்ட்டின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர், ஆரஞ்சுக்கு 18 மீட்டர். பச்சைக்குத்தான் முழுக் கோர்ட், அதாவது 23.77 மீட்டர். 10 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்று 2012 முதல் விதியே இருக்கிறது.

“என் பிள்ளை கெட்டிக்காரன், குழந்தைப் பந்தைக் கொடுத்துப் பின்னுக்குத் தள்ளுகிறார்களோ?” என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் நடப்பது நேர்மாறு. சிவப்புப் பந்து இடுப்பு உயரத்தில் நிதானமாக வரும். பிள்ளை சரியான இடத்தில் நின்று, சரியான பிடியில், முழுதாக வீசி அடிக்க முடியும். எதிரே இன்னொரு பிள்ளை திருப்பி அடிக்கும். ஆறு வயதிலேயே பத்து பந்து தொடர்ந்து ராலி (பந்து விழாமல் மாறி மாறி அடிப்பது) ஓடும். ஆகவே 7 வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் மஞ்சள் பந்து மட்டுமே கிடந்தால், ஏன் என்று கேளுங்கள். “அதெல்லாம் தேவையில்லை சார்” என்று பதில் வந்தால் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை போய்விடும்.

ராக்கெட்டும் அப்படித்தான். பெரியவர்களின் ராக்கெட் 27 அங்குலம். 8 வயதுக்குள் பெரும்பாலும் 19 முதல் 23 அங்குலம் போதும். பிள்ளை நேராக நின்று ராக்கெட்டைப் பிடித்த கையைத் தொங்கவிட்டால், நுனி தரையை ஒட்டி நிற்க வேண்டும். தரையில் இடித்து மடங்கினால் ராக்கெட் பெரியது. “வளர்கிற பிள்ளைதானே” என்று செருப்பு வாங்குவதுபோல ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள், மணிக்கட்டு வலிக்கும்.

மஞ்சள் பந்தில் ஆடும் வயது என்றால் இன்னொன்றைச் செய்து பாருங்கள். கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தலை உயரத்திலிருந்து கீழே விடுங்கள். பாதி உயரத்துக்குச் சற்று மேல் எழும்ப வேண்டும். முழங்கால் வரைதான் வருகிறதென்றால் செத்த பந்து. பயிற்சிக்குப் பழைய பந்து பரவாயில்லை. கூடை முழுக்கச் செத்த பந்தாக இருக்கக் கூடாது.

இனி கோச்சின் வாயைக் கவனியுங்கள். என்ன சொல்கிறார்? “கவனமா ஆடு”, “வேகமா”, “கால எடு” என்று பொதுவாகக் கத்திக்கொண்டே இருக்கிறாரா? அல்லது ஒரு பிள்ளைக்கு ஒரு விஷயத்தைச் சொல்லி, அது மாறுகிறதா என்று நின்று பார்க்கிறாரா?

நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு பையன் அடித்த பந்தெல்லாம் வலையிலேயே விழுந்தது. முகம் சிவந்துவிட்டது. அந்த கோச் அவனிடம் மணிக்கட்டு, தோள், முழங்கால் என்று எதையும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கம்பு நட்டு, வலைக்கு ஒரு கை உயரத்துக்கு மேலே ஒரு கயிற்றைக் கட்டினார். “தம்பி, வலைய மறந்துடு. கயித்துக்கு மேல அனுப்பு, போதும்” என்றார். முதல் நான்கு பந்து எங்கெங்கோ போயின. ஐந்தாவது பந்து கயிற்றைத் தாண்டிக் கோட்டுக்குள் விழுந்தது. பந்தை மேலே அனுப்ப வேண்டுமென்றால் ராக்கெட் கீழிருந்து மேலே வர வேண்டும். அதை அவன் கை தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. கோச் பிறகும் ஒன்றும் விளக்கவில்லை, “அதான்” என்று மட்டும் சொன்னார். நல்ல கோச்சிங் என்பது எனக்கு அந்தக் கயிறுதான்.

இதற்கு எதிரானதையும் பார்த்திருக்கிறேன். ஒரே மூச்சில் ஐந்து திருத்தம் சொல்வார்கள். எதைச் செய்வது என்று தெரியாமல் பிள்ளை விறைத்துப் போய் நிற்கும். பெஞ்சில் இருக்கும் பெற்றோருக்கோ “கோச் எவ்வளவு சொல்லித் தருகிறார்!” என்று தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள்.

பந்து எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கோச் கூடையிலிருந்து எடுத்துப் போடும் பந்து (இதை ஃபீடிங் என்பார்கள்) ஒரே வேகத்தில், ஒரே இடத்துக்கு வரும். ஒரு வீச்சைப் பழக அது நல்லது. ஆனால் ஆட்டத்தில் பந்து அப்படி வராது. எதிராளியின் கையிலிருந்து வரும் பந்து எங்கே விழும் என்று ஊகித்து ஓடக் கற்றுக்கொள்வதுதான் டென்னிஸ். ஆகவே வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தைக் கட்டாயம் பாருங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் புள்ளி எண்ணி ஆடுகிறார்களா? ஆறு மாதம் ஆன பிறகும் உங்கள் பிள்ளைக்குப் பதினைந்து, முப்பது, நாற்பது என்று எண்ணத் தெரியவில்லை என்றால், அவர்களை ஆடவே விடவில்லை என்று அர்த்தம்.

சர்வ் (ஆட்டத்தைத் தொடங்கும் அடி) சொல்லிக்கொடுக்கிறார்களா? பல இடங்களில் நேரம் முடியும்போது “ஆளுக்குப் பத்து சர்வ் போட்டுட்டுக் கிளம்புங்க” என்பதோடு சரி. ஒவ்வொரு புள்ளியும் சர்வில்தான் தொடங்குகிறது. பிடியை மட்டும் பாருங்கள். சுத்தியலைப் பிடிப்பதுபோல் ராக்கெட்டின் விளிம்பு பந்தைப் பார்க்கப் பிடித்திருந்தால் சரியான வழியில் போகிறார்கள். தோசைத் திருப்பியைப் பிடிப்பதுபோல் தட்டையாகப் பிடித்துத் தட்டுகிறார்கள், கோச்சும் ஒன்றும் சொல்வதில்லை என்றால், மாதங்கள் வீணாகின்றன.

சான்றிதழ் பார்க்க வேண்டாமா? பாருங்கள், கேட்பதில் தவறில்லை. ஐடிஎஃப் பாடத்திட்டத்தில் நிலை 1 தொடக்கநிலை, இடைநிலை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. நிலை 2, 3 அதற்கு மேலே. நம் நாட்டில் ஏஐடிஏ (அகில இந்திய டென்னிஸ் சங்கம்) மூலம் இந்தப் பயிற்சிகள் நடக்கின்றன. சான்றிதழ் இருந்தால் அவர் படித்திருக்கிறார் என்று தெரியும். உங்கள் பிள்ளையை அவர் கவனிப்பாரா என்பதை அது சொல்லாது. அதைவிட முக்கியமான கேள்வி: பலகையில் பெயர் போட்டிருக்கும் தலைமைக் கோச்தான் வகுப்பு எடுப்பாரா? வாரத்தில் எத்தனை நாள்?

பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தான் நல்ல கோச்சா? அவசியமில்லை. 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்று, 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணனுக்கு முதல் குரு அவருடைய அப்பா. கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். அவருக்கும் வீட்டில்தான் பாடம். தினமும் கண்ணெதிரே இருந்து பார்த்தவர்கள் அவர்கள். கிளப்பில் அந்த நெருக்கத்தில் கால்வாசியாவது கிடைக்கிறதா? சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு மாதம் கழித்து கோச்சிடம் போய், “சார், இப்ப பாப்பா எதைப் பழகிட்டு இருக்கா?” என்று கேளுங்கள். “பேக்ஹேண்ட்ல பந்து கிட்ட லேட்டா போறா, அதைப் பாத்துட்டு இருக்கேன்” என்றால் அவர் பார்த்திருக்கிறார். “நல்லா பண்றா மேடம், போகப் போக வந்துடும்” என்றால் பெயரே நினைவிருக்கிறதா என்று சந்தேகப்படலாம்.

பணம் பற்றி மூன்றைச் சேரும் முன்பே கேளுங்கள். கோர்ட் கட்டணம் மாதக் கட்டணத்தில் சேர்த்தியா? மழையில் நின்றுபோன வகுப்புக்கு மாற்று வகுப்பு உண்டா? சேரும் முன் ஒரு வகுப்பு வந்து பார்க்க விடுவார்களா? மூன்றாவதற்குத் தயங்கும் இடத்தில் நான் சேர்க்க மாட்டேன். குழு வகுப்பில் கண்டுகொள்ளாமல் விட்டு, “தனி வகுப்பு எடுத்தாத்தான் முன்னுக்கு வருவான்” என்று சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குச் சட்டென்று பணிய வேண்டாம். போட்டிக்கு அனுப்பச் சொல்லும்போதும் அப்படித்தான். ஏஐடிஏ போட்டிகள் 12, 14, 16, 18 வயதுப் பிரிவுகளில் நடக்கின்றன. வெளியூர்ப் பயணம், தங்கும் செலவு, பள்ளி லீவு எல்லாம் உங்கள் தலையில். பிள்ளை யார் துணையும் இல்லாமல் சர்வ் போட்டு, எண்ணிக்கை சொல்லி, ஒரு செட் முழுக்க ஆடிவிடுகிறதா என்று கிளப்பிலேயே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பயிற்சி எவ்வளவு நேரம் இருக்கலாம்? விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஓர் எளிய கணக்கு உண்டு: வாரத்தில் ஒரே விளையாட்டை ஆடும் மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 9 வயதுக்கு 9 மணி நேரத்துக்குள். தோள், முழங்கை, இடுப்பின் பின்பக்கம், குதிகால் இவற்றில் வலி என்று பிள்ளை சொன்னால் கோச் என்ன செய்கிறார் என்று பாருங்கள். “தாங்கிக்கோ” என்பவரிடம் விடாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீருக்கு இடைவெளி கொடுக்காத வகுப்பும் அப்படியே.

இதையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று தடுக்கும் இடம் வேண்டாம். கையைப் பிடித்துப் பிடியைத் திருத்துவது சகஜம். அதுவும் எல்லார் கண்ணெதிரே, பிள்ளையிடம் சொல்லிவிட்டு நடக்க வேண்டும். பிள்ளை திடீரென்று போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் சோம்பல் என்று திட்டாமல் ஏன் என்று கேளுங்கள். தவறாக ஏதாவது நடந்தால் 2012இன் போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

எல்லாம் பார்த்த பிறகு திருப்தி இல்லை. உடனே மாற்றிவிடலாமா? முதலில் பேசுங்கள். மற்ற பெற்றோர் எதிரே வேண்டாம், வகுப்பு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, “சார், நேத்து எண்ணிப் பாத்தேன், பாப்பா 36 பந்துதான் அடிச்சா. கொஞ்சம் அதிகமா அடிக்க வழி இருக்கா?” என்று கேளுங்கள். எண்ணிக்கையோடு கேட்டால் கோபத்துக்கு இடமிருக்காது. நல்ல கோச் அடுத்த வாரமே எதையாவது மாற்றிப் பார்ப்பார். நான் கேட்டபோது எதுவும் மாறவில்லை. இன்னொரு மாதம் காத்திருந்துவிட்டு, விரிசல் விட்ட சிமென்ட் கோர்ட் ஒன்றே ஒன்று இருந்த ஒரு சின்ன இடத்துக்கு மகளை மாற்றினேன். அங்கே ஆறு பிள்ளைகள், ஒரு வாளி நிறையச் சிவப்புப் பந்து. முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். 200க்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.