மந்தக் காலத்திலும் இறங்காத விலை: ஆங் மோ கியோ வீடுகள் சொல்லும் பாடம்

2020ஆம் ஆண்டில், கிருமித்தொற்று ஊரையே முடக்கிப் போட்டிருந்த நேரத்தில், ஆங் மோ கியோவில் இருக்கும் என் அத்தை வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அத்தை மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அம்மா வீட்டுக்கு அருகிலேயே ஒரு நாலறை வீடு வாங்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மாமா தடுத்தார். "எல்லாருக்கும் வேலை போற நேரம்மா இது. யாரு வீடு வாங்கப் போறா? கொஞ்சம் பொறு, விலை இறங்கட்டும்" என்றார். அக்காவும் பொறுத்தார்.

ஜோகூரில் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் படித்துவிட்டு, பல்கலைக்கழகப் படிப்புக்காக நான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, இக்கதையைப் பலமுறை கேட்டுவிட்டேன். விலை இறங்கவே இல்லை. மாமாவின் கணக்கு எங்கே தப்பியது? அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சில எண்களைப் பார்ப்போம். சிங்கப்பூர் சுதந்திரம் பெற்ற பிறகு கண்ட மிக மோசமான பொருளாதாரச் சுருக்கம் 2020இல் ஏற்பட்டது. ஆனால் அதே ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை விலைக் குறியீடு 5 விழுக்காடு கூடியது. 2021இல் 12.7 விழுக்காடும் 2022இல் 10.4 விழுக்காடும் ஏறியது. மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 விழுக்காடு. அதாவது, 2019 இறுதியில் 4 லட்சம் வெள்ளி பெற்ற ஒரு வீடு, நாடளாவிய சராசரிப்படி 2022 இறுதியில் சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளிக்குப் போயிருக்கும்.

மாமா கண்ட பழைய மந்தம்

மாமாவைக் குறை சொல்ல முடியாது. அவர் மனத்தில் இருந்தது 1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடி. அப்போது வீட்டு விலைகள் உண்மையாகவே சரிந்தன. புதிய வீடுகளுக்குப் பதிந்து வைத்திருந்த பலர் விலகிக் கொண்டனர். வீவகவிடம் ஏராளமான வீடுகள் விற்காமல் தேங்கி நின்றன. அவற்றை விற்றுத் தீர்க்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த அனுபவத்தின் விளைவாகவே, போதிய விண்ணப்பங்கள் வந்த பிறகு கட்டும் பிடிஓ முறை 2001இல் அறிமுகமானது.

மந்தம் என்பது வாங்குவோரின் பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. விலையைத் தீர்மானிக்க மறுபக்கமும் வேண்டும். 1997க்குப் பிறகு வாங்குவோர் குறைந்தபோது வீடுகள் குவிந்து கிடந்தன, விலை இறங்கியது. 2020இல் வாங்குவோர் தயங்கினார்கள் என்றாலும் விற்பனைக்கு வீடுகள் அதைவிடக் குறைவாக இருந்தன, விலை ஏறியது.

வீடுகள் எங்கே போயின?

2020 ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. கட்டுமானத் தளங்கள் நின்றன. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து நமக்கு வீடு கட்டித் தரும் தொழிலாளர்கள் விடுதிகளுக்குள் அடைபட்டனர். தொற்று அவர்களைத்தான் அதிகம் தாக்கியது. வேலை மீண்டும் தொடங்கிய பிறகும் ஆட்களும் பொருள்களும் போதவில்லை. 92 பிடிஓ திட்டங்கள் தாமதமாயின. அவற்றில் கடைசித் திட்டம் 2025 ஜனவரியில்தான் நிறைவுபெற்றது. சாவிக்காகக் காத்திருக்க முடியாத தம்பதிகள் மறுவிற்பனைச் சந்தைக்கு வந்தார்கள்.

அங்கே விற்பவர்கள் அதிகம் இல்லை. நெருக்கடியில் வீட்டை விற்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலோருக்கு ஏற்படவில்லை. அரசாங்கத்தின் வேலை ஆதரவுத் திட்டம் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாங்கியது. வீட்டுக் கடனைத் தள்ளிக் கட்டவும் சலுகை கிடைத்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வீவக வீட்டை விற்பவருக்கும் குடியிருக்க வேறொரு வீடு வேண்டும். ஆகவே ஒவ்வொரு விற்பனையாளரும் பெரும்பாலும் இன்னொரு வாங்குபவரே.

ஆங் மோ கியோவில் இந்தத் தட்டுப்பாடு இன்னும் கடுமை. 1973இல் கட்டத் தொடங்கிய இந்நகரில் சுமார் 50,000 வீவக வீடுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் எழுந்தவை. புதிதாகக் கட்ட நிலம் கொஞ்சமே. 1987இல் நாட்டின் முதல் எம்ஆர்டி தடம் திறக்கப்பட்டபோதே இங்கு நிலையம் இருந்தது. சந்தை, உணவங்காடி நிலையம், பள்ளி எல்லாம் நடந்து போகும் தூரம். இங்கே வேரூன்றியவர்கள் எளிதில் கிளம்புவதில்லை. அவர்களின் பிள்ளைகளோ அருகிலேயே வீடு தேடுகிறார்கள். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் தம்பதிக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. நல்ல உதவிதான். ஆனால் மானியம் வாங்கும் சக்தியைக் கூட்டுமே தவிர, வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டாது. பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஐந்தறை வீடுகளை ஆங் மோ கியோவும் பார்த்துவிட்டது.

நமக்கு மட்டும் இன்னொரு கதவு

தமிழ் மாணவர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. 1989 முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச வரம்பு உள்ளது. இந்தியர் மற்றும் பிறருக்கு 2010 முதல் புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்க வட்டாரத்தில் 12 விழுக்காடு. வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியக் குடும்பம், அதே பிரிவைச் சேர்ந்த இன்னொரு குடும்பத்திடமிருந்து மட்டுமே வாங்க முடியும். பத்து வீடுகள் விற்பனைக்கு இருந்தாலும் நமக்கு அது ஒன்றாகவோ பூஜ்யமாகவோ இருக்கலாம்.

விற்கும்போது இதே விதி வேறு விதமாகத் திரும்பும். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில், இந்திய உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையும் குறையலாம். உண்மையாகவே விற்க முடியாமல் தவிக்கும், குறைந்தது 10 ஆண்டுகள் வீட்டை வைத்திருக்கும் உரிமையாளர்களிடமிருந்து வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022 மார்ச்சில் வந்தது. இனங்கள் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துவிடக் கூடாது என்பதே இக்கொள்கையின் நோக்கம். அந்த நோக்கத்தை ஏற்பவர்களும், அதன் செலவு யார்மீது விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஐந்து ஆண்டு கழித்து வந்த இரண்டாம் அடி

புதிய வீவக வீட்டை வாங்கியவர் குறைந்தது 5 ஆண்டுகள் அதில் குடியிருந்த பிறகே விற்க முடியும். 2022இல் 30,000க்கும் மேற்பட்ட வீடுகள் இக்காலத்தை நிறைவு செய்தன. 2025இலோ சுமார் 8,000 மட்டுமே. ஏன்? 2025இல் ஐந்தாண்டு நிறைவடைய வேண்டுமென்றால் 2020இல் சாவி கிடைத்திருக்க வேண்டும். வேலை நின்றுபோன அதே 2020! அன்று கட்டப்படாத வீடுகள், அன்று ஒருமுறை புதிய வீடுகளின் தட்டுப்பாடாகவும், ஐந்து ஆண்டு கழித்து மறுவிற்பனை வீடுகளின் தட்டுப்பாடாகவும் நம்மை வந்தடைந்தன.

இதற்கு நல்ல மறுபக்கமும் இருக்கிறது. தாமதமான வீடுகள் கட்டி முடிந்துவிட்டதால், ஐந்தாண்டு நிறைவு செய்யும் வீடுகள் 2026இல் சுமார் 13,500 ஆகவும், 2028இல் சுமார் 19,500 ஆகவும் கூடும் என அறிவிக்கப்பட்டுள்ளது. 2024இல் 9.7 விழுக்காடு ஏறிய விலைக் குறியீட்டின் வேகம் 2025இல் வெகுவாகத் தணிந்தது.

அக்கா இப்போது ஈசூனில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையோடு வருவார். மாமா இன்னும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் வீடு தேடப் போகிறோம். "பொருளாதாரம் மோசம், விலை இறங்கும்" என்று யாராவது சொன்னால், மறுத்துப் பேச வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாம் வாங்கக்கூடிய வீடு எத்தனை விற்பனைக்கு இருக்கிறது?" விடை அங்கேதான் இருக்கிறது.