டாக்டரைப் பார்க்கும் முன் நாம் பார்க்கும் முகம்



பட்டாசு ஆலையில் தீக்காயம் பட்ட ஒருவரை ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவரை முதலில் பார்ப்பது டாக்டர் அல்ல. முன் மேசையில் இருக்கும் பிள்ளைதான். பெயர், வயது, ஊர், என்ன நடந்தது என்று கேட்டு ஓ.பி. சீட்டில் எழுதுவது அந்தப் பிள்ளையின் வேலை. உடன் வந்தவர் பதற்றத்தில், அல்லது யாரோ சொல்லிக் கொடுத்தபடி, "வீட்டுல அடுப்பு பத்திக்கிச்சு" என்று சொல்லிவிடலாம். விபத்துப் பதிவேட்டை எழுதுபவர் டாக்டர்தான். ஆனால் அவர் கையில் முதலில் போய்ச் சேருவது இந்தச் சீட்டு. அதில் ஏறிய தவறான வரி பதிவேட்டிலும் ஏறிவிட்டால், பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்குச் சாதாரண நோய் என்றால் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கும் முன்பே இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. வேலையில் பட்ட காயம் என்றால், வேலை செய்ய முடியாத காலத்துக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சந்தாக் கணக்கு பார்ப்பதில்லை; சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. நிரந்தர ஊனம் ஆனாலும், உயிரே போனாலும், மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும். "வீட்டில் நடந்தது" என்று பதிவாகிவிட்டால் இதையெல்லாம் அந்தக் குடும்பம் போராடித்தான் வாங்க வேண்டும்.

நல்ல முன்மேசை ஊழியர் என்ன செய்வார்? சொன்னதைத் தானாக மாற்றி எழுத மாட்டார். சிகிச்சை தொடங்கியதும், உடன் வந்தவரைத் தனியே அழைத்து, "எங்கே நடந்தது, அவர் எங்கே வேலை பார்க்கிறார், இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா?" என்று அமைதியாக இன்னொரு முறை கேட்பார். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவார். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நிதானமும், இது ஒரு குடும்பத்தின் அமானிதம் என்ற உணர்வும் இருந்தால் போதும். அப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி, நம் பிள்ளைகள் அந்த வேலைக்குத் தயாராவது எப்படி என்பதுதான் இக்கட்டுரை.

என்னென்ன வேலைகள்?

மருத்துவமனை வேலை என்றதும் டாக்டர், நர்ஸ் இரண்டும்தான் நம் நினைவுக்கு வரும். இருபது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமை எடுத்துக்கொண்டாலும், டோக்கன் கொடுக்கவும் போன் எடுக்கவும் ஒருவர், பில் போட ஒருவர், பழைய கேஸ் ஷீட்டுகளைக் காத்து வைக்க ஒருவர், ஸ்டோரில் பஞ்சு முதல் குளுக்கோஸ் வரை இருப்பு பார்க்க ஒருவர், துப்புரவுப் பணியை மேற்பார்வையிட ஒருவர் வேண்டும். காப்பீடு எடுக்கும் இடமாக இருந்தால் அதற்கென்று தனியாக ஒருவர் அவசியம். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. இவற்றைச் சுற்றித் தனியார் கிளினிக்குகள், லேப்கள், ஸ்கேன் மையங்கள் பல உள்ளன. எல்லா இடத்திலும் இந்த வேலைகள் உண்டு.

இவற்றில் காப்பீட்டு மேசை மிகவும் கவனம் தேவைப்படும் இடம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் அட்டை இருந்தால் மட்டும் போதாது. நோயாளியின் விவரம், பரிசோதனை முடிவு, டாக்டரின் குறிப்பு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரு காகிதம் விடுபட்டால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மனிதரின் பெயர் ஆதாரில் முகமது, ரேஷன் கார்டில் முஹம்மது, இ.எஸ்.ஐ.யில் மொகமத். பாத்திமா, ஃபாத்திமா, பீவி, பீபி. ஆங்கில எழுத்தில் இன்னும் மோசம். எந்த எழுத்து எந்த அட்டையில் இருக்கிறது என்று பார்த்து, அதன்படியே பதிவு செய்யத் தெரிந்த ஊழியர் ஒருவர் இருந்தால், பல குடும்பங்களின் அலைச்சல் மிச்சமாகும்.

மதுரையில் ஒரு பாடம்

இந்த வேலைகளுக்கு ஆள் எடுத்துப் பழக்குவதில் உலகமே வந்து பார்க்கும் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை, டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின் 1976-ல், 11 படுக்கைகளோடு தொடங்கினார். டாக்டர்கள் குறைவு, நோயாளிகள் ஏராளம். அதற்கு அவர்கள் கண்ட வழி, கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு ஆண்டு அங்கேயே பயிற்சி அளிப்பது. மதிப்பெண்ணோடு குணத்தையும் கற்கும் ஆர்வத்தையும் பார்த்து எடுக்கிறார்கள். பயிற்சிக்குப் பின் சிலர் கண் பரிசோதனைக்கும், சிலர் அறுவை அரங்குக்கும், சிலர் ஆவணப் பிரிவுக்கும், சிலர் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லவும் போகிறார்கள். என்ன அறுவை, எவ்வளவு செலவு, எத்தனை நாள் தங்க வேண்டும் என்று விளக்குவது அந்த ஆலோசகரின் பொறுப்பு. டாக்டர் தன் நேரத்தை நோயைக் கணிப்பதிலும் அறுவை செய்வதிலும் செலவிட முடிகிறது.

பெரிய மருத்துவமனைக்குப் பொருந்துவது சின்ன கிளினிக்குக்கும் பொருந்தும். எல்லாம் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. நல்ல குணமுள்ள ஆளை எடுத்துக் கற்றுக் கொடுப்பதுதான் வழி.

ஆள் எடுப்பவர்களுக்கு

நம் ஊரில் கிளினிக்கோ, ஜமாஅத் சார்பில் இலவச மருத்துவ மையமோ நடத்துபவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதாக இருக்கும்: "நம்ம மாமா பையன்தான் பாய், சும்மாதான் இருக்கான், உட்கார வச்சுக்குங்க." சொந்தக்காரர் என்பதால் ஒதுக்கவும் வேண்டாம், அதற்காகவே எடுக்கவும் வேண்டாம்.

முதலில், என்ன வேலை என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு, கேள்வி கேட்டு அனுப்பாமல் அரை நாள் உட்கார வைத்துப் பாருங்கள். பத்து ஓ.பி. சீட்டு எழுதச் சொல்லி ஆதாரோடு ஒப்பிடுங்கள். போன் எடுக்கச் சொல்லுங்கள். "நாற்பது பேர் காத்திருக்கும்போது, டோக்கன் இல்லாமல் நெஞ்சுவலி என்று ஒரு பெரியவர் வந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "டோக்கன் வாங்கச் சொல்வேன்" என்று சொல்பவருக்கு இன்னும் பழக்கம் வேண்டும்.

பணம் வாங்குபவர் ஒருவர், மாலையில் கணக்கைச் சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று வையுங்கள். இது நம்பிக்கைக் குறைவு அல்ல, ஊழியருக்கே பாதுகாப்பு. ஒவ்வொரு வேலையையும் இரண்டு பேருக்காவது கற்றுக் கொடுங்கள். ஒருவர் லீவு போட்டால் காப்பீட்டு மேசை மூடிக் கிடக்கக் கூடாது. யாருக்கு என்ன நோய் என்பது அந்த மேசையைத் தாண்டி வாட்ஸ்அப்பிலோ தெருவிலோ போகக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆள் குறைவு என்பதற்காக முன்மேசைப் பிள்ளையை ஊசி போடவோ, மருந்துக் கடையில் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கவோ சொல்லாதீர்கள். ஊசி பயிற்சி பெற்றுப் பதிவு செய்த நர்ஸின் வேலை. மருந்து, டி.பார்ம். அல்லது பி.பார்ம். முடித்துப் பதிவு பெற்றவரின் வேலை. தவறு நடந்தால் பாதிக்கப்படுபவர் நோயாளி. மாட்டிக்கொள்வது அந்தப் பிள்ளை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

டைப்ரைட்டிங் லோயரும், கணினியில் எக்செல் பழக்கமும், தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் பெயர் எழுதும் திறமையும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். "ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன்" என்று பலகை வைத்துப் பெரும்தொகை கேட்கும் இடத்தில், அந்தச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு தருகிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சேரும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை இவை:

1. வேலை நேரம், இரவுப் பணி, வார விடுமுறை, சம்பளம் எல்லாம் எழுத்தில் தருவார்களா?

2. இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிப்பார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள்.

3. இரவு வேலை என்றால் பெண் பிள்ளைகள் வீடு வந்து சேர என்ன ஏற்பாடு? பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும், பெண்களின் புகாரை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

4. உடை, தொழுகை நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ பற்றி ஆரம்பத்திலேயே பேசிவிட்டீர்களா? பிறகு மனக்கசப்பு வராது.

வேலை தருவதற்கு டெபாசிட் கேட்டால் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம். ஒப்படைத்துவிட்டு வர வேண்டாம்.

இன்றே செய்யக்கூடியது

வேலைக்குப் போகிறவர் இல்லாத வீட்டுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. இன்று மஃரிபுக்குப் பிறகு, வீட்டில் உள்ள எல்லோருடைய ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைப் பாயில் பரப்பி வைத்துப் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டிருந்தால் உடம்பு நன்றாக இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். அந்த வேலையைப் பிளஸ் டூ முடித்த உங்கள் மகளிடமோ மகனிடமோ கொடுத்துப் பாருங்கள். பொறுமையாக, பிழையில்லாமல் செய்து முடிக்கிற பிள்ளை என்றால், மருத்துவமனை மேசைக்குத் தகுதியான ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.