மறுமணம் அம்மாவுக்கு, பட்டினி பிள்ளைக்கா?

"அவதான் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாளே, இனி நான் எதுக்குப் பணம் கொடுக்கணும்?" குடும்ப நல நீதிமன்ற வாசலில் அடிக்கடி காதில் விழும் இந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. விவாகரத்தான பெண் மறுமணம் செய்துகொண்டால் அவருக்கான ஜீவனாம்சம் நின்றுவிடும். பிள்ளைக்கானது நிற்காது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகியிருக்கும் சட்டம் இது. மறுமணம் கூடாது என்ற நிபந்தனை அதில் விவாகரத்தான மனைவிக்கு மட்டுமே. பிள்ளை திருமணத்தில் பிறந்திருந்தாலும், வெளியே பிறந்திருந்தாலும் தகப்பன் கொடுத்தாக வேண்டும். முஸ்லிம் குழந்தைகளுக்கும் இந்த உரிமை உண்டென்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குழப்பம் தொடங்குவது பெரும்பாலும் உத்தரவில்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே தொகையாக எழுதிவிட்டால், மறுமணச் செய்தி வந்ததும் மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். பரஸ்பர விவாகரத்தில் "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று தாய் போட்ட கையெழுத்தைக் காட்டுபவர்களும் உண்டு. அது அவர் பங்குக்கான கையெழுத்து. பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை.

புதுக் கணவர் பள்ளிக் கட்டணம் கட்டினால் அது அவர் நல்ல மனசு. பெற்றவனின் கடமை அதனால் தீராது. பள்ளியில் இன்ஷியலை மாற்றிக்கொண்டாலும் அப்படித்தான். சட்டப்படி தத்து எடுத்தால் மட்டும் கணக்கு மாறும்: இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தத்துப் போன பிள்ளைக்குப் பழைய குடும்ப உறவு முடிந்துவிடுகிறது. அதற்கும் பொதுவாகப் பெற்ற தகப்பனின் சம்மதம் வேண்டும்.

தகப்பன் மறுமணம் செய்துகொண்டால்? "எனக்கு இப்போ வேற குடும்பம் இருக்கு" என்பது தொகையைக் குறைக்கக் கேட்கும் காரணமாகலாம். மூத்த தாரத்துப் பிள்ளையை மறக்க அனுமதிச் சீட்டு ஆகாது. நீதிமன்றம் இரு பக்க வருமானத்தையும் பார்க்கும். சம்பாதிக்கும் தாயும் தன் வருமானத்துக்கு ஏற்பப் பிள்ளைச் செலவில் பங்கேற்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இருவருமே சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும் என்று 2020-இல் உத்தரவானது. சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது நம் ஊரில் தனிக் கலை என்பதால் இது மிகவும் தேவைப்பட்டது.

ஆகவே மனுப் போடும்போதே பிள்ளைக்கான தொகையைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். உத்தரவான பணம் வராமல் நின்றால், மறுமணம் செய்துகொண்ட கூச்சத்தில் சும்மா இருந்துவிடாதீர்கள். பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, அது சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும்.