முதல் விளம்பர வீடியோ... வெளியிடும் முன் 3 பேரிடம் காட்டுங்க!

விளைபொருளை மதிப்புக்கூட்டி நேரடியாக விற்கும் விவசாயிகள், விளம்பரத்தையும் தங்கள் செல்போனிலேயே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எடுப்பது சுலபம். எடுத்ததில் என்ன குறை என்று தெரிந்துகொள்வதுதான் சிரமம்.

திண்டிவனம் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை போடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். மண்டிக்கு மூட்டையாக அனுப்பாமல், செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்க முடிவு செய்கிறார்கள். 1 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். ஆட்டுக்கூலி, பாட்டில், லேபிள் என்று கையிருப்பு கரைந்துவிடுகிறது. எண்ணெயை அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது; சிக்கு வாடை வந்துவிடும். சீக்கிரம் விற்றாக வேண்டும். அதற்காக மகன் போனில் 3 நிமிட வீடியோ எடுக்கிறான்.

வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டு ‘சூப்பர்’ என்கிறார்கள். இந்த ‘சூப்பர்’ எண்ணெயை விற்றுத் தராது. உறவுக்காரர்கள் வீடியோவில் பிள்ளையைப் பார்க்கிறார்கள். வாங்குபவர் எண்ணெயைத் தேடுவார்.

யாரிடம் காட்டுவது?

மூன்று பேர் போதும். ஏற்கெனவே எண்ணெய் வாங்கும் வாடிக்கையாளர் ஒருவர். டவுனில் கடை எண்ணெய் வாங்கும், குடும்பத்தோடு பழக்கமில்லாத ஒருவர். சின்ன போனில், கண்ணாடி போட்டுப் பார்க்கும் பெரியவர் ஒருவர்.

போனைக் கொடுத்துவிட்டு எதுவும் விளக்கக் கூடாது. “இந்த இடத்துல காத்து சத்தம், கண்டுக்காதீங்க” என்று சொன்னால் சோதனையே கெட்டுப்போகும். வாங்கப்போகிறவர் பார்க்கும்போது பக்கத்தில் நின்று விளக்க யாரும் இருக்க மாட்டார்கள். பார்ப்பவரின் கட்டைவிரல் எந்த இடத்தில் வீடியோவைத் தள்ளிவிடப் போகிறது என்று மட்டும் கவனிக்க வேண்டும்.

முடிந்ததும் “நல்லா இருக்கா?” என்று கேட்டால், முகத்துக்கு நேராக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் நான்கு கேள்விகள்: என்ன விக்கிறாங்க? என்ன விலை? வாங்கணும்னா என்ன செய்யணும்? எந்த இடத்துல சலிப்பு வந்துச்சு? பதில் வராத இடத்தில்தான் திருத்தம் தேவை.

வழக்கமாக வரும் குறைகள்

முதல் அரை நிமிடம் வயலும் வானமும்தான். எண்ணெய் கண்ணில் படவில்லை என்பார்கள். பாட்டிலும் விலையும் முதல் 5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். உச்சி வெயிலில், சூரியனுக்கு எதிராக எடுத்தால் முகம் கறுத்துவிடும். காலை அல்லது சாயங்கால வெளிச்சம் நல்லது. காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கினால், சட்டையில் குத்தும் மைக் உதவும். இல்லாவிட்டால் வீட்டுக்குள் பேசிப் பதிவு செய்து சேர்க்கலாம். போன் நம்பர் வந்ததும் மறைந்துவிட்டால் யாரும் எழுத முடியாது. கடைசி வரை கீழே நிற்கட்டும். சினிமா பாட்டைப் பின்னணியில் போட்டால் காப்புரிமைப் பிரச்னை வரும். செக்கு சுற்றும் சத்தமே போதும்.

மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் கட்டாயம் மாற்ற வேண்டும். ஒருவருக்கு மட்டும் பிடிக்காதது அவரவர் ருசி. “மல்லாட்டைன்னு சொல்லாம நிலக்கடலைன்னு சொல்லுங்க” என்று யாராவது சொன்னால், எழுத்தில் ‘நிலக்கடலை’ என்று போட்டுவிட்டு, பேச்சை ஊர்ப்பேச்சாகவே விடலாம். அந்தப் பேச்சில்தான் நம்பிக்கை இருக்கிறது.

சட்டம் தெரிந்தவரும் பார்க்கட்டும்

இதில் அலட்சியம் கூடாது. ‘எங்க எண்ணெய் சாப்பிட்டா சர்க்கரை நோய் குணமாகும்’ என்று ஆர்வத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கலாம். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 53-வது பிரிவின்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். லேபிளில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெளியிடுவது நல்லது.

வெளியிட்ட பிறகு...

திருத்திய வீடியோவை முதலில் தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். போன் செய்பவர்களிடம் “எதைப் பார்த்துக் கூப்பிட்டீங்க?” என்று கேட்டு, ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, எத்தனை பாட்டில் போனது என்பதுதான் கணக்கு. அடுத்த வீடியோவை எப்படி எடுப்பது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.