ஓய்வு பெற்றபின் தொடங்கிய பணி

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு மாலை அணிவித்து, இனியாவது நிம்மதியாக இருங்கள் என்று வாழ்த்தி அனுப்புவது வழக்கம். 1976ஆம் ஆண்டில் மதுரை அரசு மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களுக்கு அந்த நிம்மதி தேவைப்படவில்லை. வீட்டை அடமானம் வைத்து, பதினொரு படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம் வழிபட்ட ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று விரும்பியே வைத்தியம் படித்தார். ஆனால் ராணுவ மருத்துவராகப் பணியாற்றுகையில் கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணிப் போயின. மகப்பேறு மருத்துவம் இனி இயலாது என்றாயிற்று.

இந்நிலையில் வேறொருவர் மருந்து எழுதிக் கொடுக்கும் வேலையோடு திருப்தியடைந்திருப்பார். அதில் குறை சொல்லவும் இடமில்லை. வெங்கடசாமியோ மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடக்கூடிய கண் அறுவை மருத்துவத்தைப் படிக்கப் புகுந்தார். கோணிய விரல்களுக்குப் பொருந்தும்படி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். அந்தக் கைகள் பிற்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தன.

தந்தையார் மறைந்தபின் தம்பி தங்கையரின் பொறுப்பு மூத்தவரான அவர் மேல் விழுந்தது. அவர்களைக் கரையேற்றினார், தாம் மணம் செய்துகொள்ளவில்லை. பின்னாளில் அவர் அழைத்தபோது, தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அரசு வேலையை விட்டு வந்தார்கள். மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு இது லேசான காரியமா? அண்ணன் எடுத்த முடிவின் பாரத்தை உடன்பிறந்தாரும் சுமந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண்புரை நீக்கியபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், ஒரு காலத்தில் அயல்நாட்டிலிருந்து நூறு டாலர் அளவு விலையில் வந்தது. ஏழைக்கு அது எட்டாக்கனி. 1992இல் மதுரையிலேயே ‘அரோலேப்’ என்னும் தொழிற்சாலையை நிறுவி, லென்ஸை அங்கேயே தயாரித்து, விலையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7ஆம் நாள் காலமானார். பணம் கொடுப்போரின் கட்டணத்தைக் கொண்டே ஏழைகளுக்கு இலவச அறுவை செய்வது அவர் வகுத்த முறை. வருமானச் சான்றிதழ் எதுவும் அங்கே கேட்பதில்லை. கட்டணப் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம்.