நெடுநாள் இருமலும் நோயின் பெயரும்

காசம் என்னும் சொல் நம் பழைய மருத்துவ நூல்களில் இருமலுக்குப் பொதுப்பெயராக வழங்கியது. இன்றோ காசநோய் என்றால் டீபி ஒன்றையே குறிக்கிறோம். மலாய் மொழியிலும் அந்நோய்க்குப் 'பாத்துக் கெரிங்', அதாவது வறட்டிருமல், என்னும் பெயர் உண்டு. இரு மொழியினரும் நோயை அதன் அறிகுறியைக் கொண்டே பெயரிட்டனர். ஆனால் அறிகுறி ஒன்றாயிருக்க நோய் வேறாயிருத்தல் கூடும். நெடுநாள் இருமலுக்குத் தக்க மருத்துவரைத் தேடுவோர் முதலில் உணரவேண்டிய உண்மை இதுவே.

இவ்வுண்மைக்குக் கோலாலம்பூரிலேயே ஒரு சான்று உண்டு. 1912-இல் இரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இருவர், அதுவரை அறியப்படாத கிருமி ஒன்றால் விளைந்த கொடிய நோயை விவரித்து எழுதினர். கோலாலம்பூரில் 1900-இல் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஸ்டாண்டன், பிளெட்சர் ஆகிய அறிஞர்கள் அந்நோயைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1921-இல் அதற்கு 'மெலியாய்டோசிஸ்' என்று பெயரிட்டனர். ஈர மண்ணிலும் நீரிலும் வாழும் அக்கிருமி இந்நாட்டு மண்ணிலும் உள்ளது. தோல் வெடிப்பு வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடலுட் புகும். நீரிழிவு உடையோரையே அது மிகுதியாகப் பற்றுகிறது.

மெலியாய்டோசிஸ் சிலரிடம் மாதக்கணக்கில் நீடிக்கும். அப்போது இருமல், காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியன தோன்றும். எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் மேற்பகுதியில் குழிவும் காணப்படும். பார்ப்பவர் காசநோய் என்றே கருதுவர். ஆயினும் காசநோய் மருந்துகள் இதனைத் தீர்ப்பதில்லை. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் இரண்டு மருந்துகள். மெலியாய்டோசிசுக்கோ முதலில் குறைந்தது பத்து நாளேனும் நரம்பு வழியாக மருந்து செலுத்தி, பின்னர் மூன்று மாதமோ அதற்கு மேலோ மாத்திரை கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவதும் ஒன்றுண்டு. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தும், காசநோயை உண்டாக்காத வேறு கிருமிகள் நீரிலும் மண்ணிலும் உள்ளன. சளியைச் சாயமேற்றி நுண்பெருக்கியில் நோக்கினால் இவையும் காசநோய்க் கிருமியைப் போலவே தோன்றும். இவற்றைச் சளியில் ஒருமுறை கண்டதனால் மட்டும் நோய் உறுதியாகாது. வெவ்வேறு நாளில் எடுத்த சளிகளில் அதே கிருமி மீண்டும் வளரவேண்டும். அறிகுறியும் படமும் அதனோடு ஒத்திருக்கவும் வேண்டும். சிகிச்சை தொடங்கினால் ஓராண்டுக்கு மேலும் நீளும்.

ஆகவே, தக்க மருத்துவர் என்பவர் விலை உயர்ந்த மருந்தை எழுதுபவர் அல்லர். கிருமியின் பெயரை அறிந்த பின் மருந்தை முடிவு செய்பவரே ஆவார். அவசர நிலையில் முன்னரே மருந்து தொடங்க நேரினும், அதற்கு முன் சளியை எடுத்து வைப்பார். காசநோய்க்கான மரபணுச் சோதனை இரண்டு மணி நேர அளவில் விடை தரவல்லது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கோ சில வாரங்கள் செல்லும். அதுவரை பொறுத்திருத்தலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பிரிக்பீல்ட்சில் வாழ்பவரோ கிள்ளானில் வாழ்பவரோ, இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று சளிச் சோதனை கேட்கலாம். விடை தெளிவாகாவிடின், அல்லது மருந்து உண்டும் நோய் தணியாவிடின், நெஞ்சு நோய் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுதல் வேண்டும். கோலாலம்பூர் பகாங் சாலையிலுள்ள சுவாச மருத்துவக் கழகம் முன்னாளில் தேசியக் காசநோய் நிலையமாக விளங்கியது. நாடு தழுவிய காசநோய்த் தடுப்புப் பணி 1961-இல் தொடங்கியது முதல் இத்துறையில் ஈட்டிய அனுபவம் அதற்குண்டு.

செல்லும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும், உண்ட மருந்துகளின் பெயர்களையும் நாட்களையும் எழுதிக்கொண்டு செல்லுதல் நலம். நீரிழிவு உண்டா, சேற்றிலும் மண்ணிலும் வேலை செய்வதுண்டா என்பதை அவர் கேளாவிடினும் நாமே கூறவேண்டும்; ஆய்வுக்கூடம் எக்கிருமியைத் தேடுவது என்பதற்கு அதுவே வழிகாட்டும்.

நம்மவரிடையே ஒரு பழக்கம் உண்டு. ஒரு கிளினிக்கில் ஐந்து நாள் மருந்து, குணமில்லையேல் வேறொரு கிளினிக்கில் இன்னும் ஐந்து நாள் என்று மாதங்களைக் கழிக்கிறோம். இவ்வாறு கொடுக்கப்படும் மருந்துகளுட் சில காசநோயையும் சிறிது அடக்கும். இருமல் தணிந்தது போலத் தோன்றும். கிருமியோ உள்ளே இருக்கும். நோயைக் கண்டறிவது தாமதமாகும். அதற்குள் வீட்டிலுள்ள குழந்தைக்கும் அது பரவலாம்.

காசநோய் என்று கேட்டவுடன் நாணி மறைப்போர் இன்னும் உளர். மறைக்கத் தேவையில்லை. சென்னையில் 1956-இல் தொடங்கி 1959-இல் முடிவு வெளியான ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் மருத்துவமனையில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்ததைக் காட்டியது. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு விளையவில்லை. உண்ணவேண்டிய மருந்தை உண்ணவேண்டிய காலம் முழுதும் உண்டதே அதற்குக் காரணம்.

வகுப்பில் ஒரு மாணவன் வாரக்கணக்கில் இருமுவதை முதலில் காண்பவர் ஆசிரியரே. 'சளி பார்த்தார்களா?' என்று பெற்றோரை அவர் கேட்கும் ஒரு கேள்வி, பல மாத அலைச்சலைத் தவிர்க்கக்கூடும்.