பேச்சு வேறு; புரிதல் வேறு

பெருமூளை வாதமுள்ள சிறுவரின் பேச்சுத் தெளிவின்மையை அறிவுக் குறைபாடாகக் கருதும் தவறு நம்மிடையே நீடிக்கின்றது. நாக்கு, உதடு, குரல்வளை, சுவாசம் ஆகியவற்றுக்குரிய தசைகளை மூளை சரிவர இயக்க இயலாமையே தெளிவின்மைக்குக் காரணமாகும். விளங்கிக்கொள்ளும் ஆற்றல் அதனால் மட்டும் குன்றிவிடுவதில்லை.

எனவே இரண்டையும் தனித்தனியே மதிப்பிடுதல் அவசியம். வைக்கிங் அளவுகோல் பேச்சை மட்டும் நான்கு நிலைகளாக வகுக்கின்றது. பாதிப்பற்ற பேச்சு முதலாவது. குறையிருப்பினும் அந்நியருக்குப் பெரும்பாலும் விளங்குவது இரண்டாவது. சந்தர்ப்பம் அறியாத அந்நியருக்கு விளங்காதது மூன்றாவது. விளங்கத்தக்க பேச்சே இல்லாமை நான்காவது. 2011 இல் வெளியான ஐந்து நிலைத் தொடர்பாடல் வகைப்பாடோ சைகை, பார்வை, படப்பலகை ஆகியவற்றையும் கணக்கிற் கொள்கின்றது.

பேச்சில் கடைசி நிலையிலுள்ள பிள்ளை தொடர்பாடலில் மேல்நிலையில் இருத்தல் கூடும். "இவனுக்கு ஒன்றும் விளங்காது" என்று பாடசாலைக் கதவை அடைக்கும் முன், கண்ணாற் பதில் சொல்ல அவனுக்கு வாய்ப்பளித்தோமா என்று நாம் சிந்திக்க வேண்டும்.